இருபத்தைந்தாவது நோயாளி

கிளீட்டஸுக்குப் பொய் பேச வராது. நாக்கு குழறும், காது மடல் சிவந்துவிடும். ஆனால் பொய் எழுதச் சொன்னால் அந்த வட்டாரத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை. கல்லுமலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாக டிரெசர், அங்கே மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் அவர்தான். காட்டிலிருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக மலாயாவில் எமர்ஜென்சி வந்து, தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட நாளிலிருந்து அவருடைய நோயாளிப் பதிவேட்டில் பெரும்பாலும் ஒரே வியாதிதான் இருந்தது. மலேரியா.

விடியவிடியத் தூங்காமல் வாசலில் நடந்தவனுக்கு மலேரியா. காலைப் பெரட்டில் பேரைக் கூப்பிட்டதும் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டவனுக்கும் மலேரியா. லாரி சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்ளும் மங்களத்துக்கும் அதேதான். உள்ளதை உள்ளபடி எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். 'மூளைக் கோளாறு' என்று ஒரு வரி எழுதினால் போதும், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அந்த ஆளைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார், அல்லது கப்பலேற்றி இந்தியாவுக்கு. மலேரியா என்றால் ஐந்து நாள் படுக்கை, மருந்து, பிறகு வேலைக்குத் திரும்பலாம். மனிதன் தன் வீட்டிலேயே இருப்பான்.

இந்தக் கள்ளத்தனத்தைக் கண்டுபிடித்தவர் டாக்டர் பாலகிருஷ்ணன். மலாக்கா டவுனில் அரசாங்க டாக்டர், மெட்ராஸில் படித்தவர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எல்லாத் தோட்டத்திலும் மருந்தடித்து மலேரியா குறைந்துகொண்டே வர, கல்லுமலையில் மட்டும் ஏறிக்கொண்டே போவதைக் கணக்கில் பார்த்துவிட்டு ஒருநாள் கிளம்பி வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று படுத்திருந்த நாலு பேரின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மிஸ்டர் கிளீட்டஸ், இங்க கொசுவுக்கு மட்டும் எமர்ஜென்சி கெடையாதா?"

கிளீட்டஸின் காது சிவந்தது. வேலை போனது என்றே நினைத்தார். ஆனால் வந்தவர் முகத்தில் கோபத்தைவிட ஆவல்தான் அதிகம் தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்து, கிளீட்டஸ் மருந்தறையின் கீழ்த்தட்டிலிருந்து இன்னொரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். தமிழில் எழுதிய நோட்டு. யாருக்கு என்ன, எப்போது தொடங்கியது, என்ன நடந்த பிறகு தொடங்கியது என்று எல்லாம் அதில் உண்மையாக இருந்தது. டாக்டர் அதை வாசித்து முடிக்கும்வரை மேசையில் வைத்த கறுப்புக் கோப்பி-ஓவைத் தொடவே இல்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே பைத்தியம். அப்படிச் சொல்வது பொருத்தமில்லைதான், ஆனால் வேறு வார்த்தை கிடைக்கவில்லை. சண்டையும் கலவரமும் நடக்கும் நாடுகளில் மனநோயைப் பற்றி ஆராய்வதற்கு லண்டனில் ஒரு குழு மானியம் கொடுக்கிறதாம். கிடைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாக்டர் தோட்டத்துக்கே வருவார். பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருத்தி, தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே தனியாக நாலு கட்டில். யாரையும் எங்கேயும் அனுப்ப வேண்டாம். பொய்யும் எழுத வேண்டாம்.

விண்ணப்பம் பதினொரு பக்கம். லண்டனில் இருப்பவர்களுக்கு வேறு வேலையில்லை போலும், ஆராய்ச்சிக்கு எலி, குரங்கு வளர்க்க இடம் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அதையெல்லாம் டாக்டர் சமாளித்துவிட்டார். சமாளிக்க முடியாதவை இரண்டு. ஒன்று, குறைந்தது இருபத்தைந்து நோயாளிகளின் விவரம், ஆளுக்கு ஒரு தாளாக, தோட்டத்து டிரெசர் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். இரண்டு, முள்கம்பிக்குள் இருக்கும் ஆட்களைப் பற்றிய விவரம் என்பதால், ஆட்சேபணை இல்லையென்று போலீஸ் அதிகாரி எழுதித் தர வேண்டும். சனிக்கிழமை மதியம் ஏர்மெயில் பை கட்டுவதற்குள் இரண்டும் முடிய வேண்டும்.

வியாழக்கிழமை டாக்டர் வந்து எண்ணிப் பார்த்தார். நோட்டில் இருபத்துநாலு பேர்.

"இன்னும் ஒண்ணு வேணும், மிஸ்டர் கிளீட்டஸ். ஒரே ஒண்ணு. இருபத்துநாலுன்னு அனுப்புனா பிரிச்சே பாக்க மாட்டானுங்க."

கிளீட்டஸ் நோட்டை வாங்கி மூடினார். இருபத்தைந்தாவது ஆள் இருந்தாள். நோட்டில் இல்லை, அவ்வளவுதான். அவளைப் பற்றிய ஒரே தாள் அவருடைய ஜெபப் புத்தகத்துக்குள் மடித்தபடி இருந்தது.

"பாக்கறேன் டாக்டர்," என்றார்.

இருசம்மாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள், முப்பத்திரண்டு வயது. அப்பா சயாம் ரயில்பாதை போடப் போய்த் திரும்பவில்லை, அம்மா ஜப்பான்காரன் காலத்துப் பட்டினியில் போய்விட்டாள். தம்பி முனியாண்டியை இவள்தான் வளர்த்தாள். கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்கவில்லை. முனியாண்டி இருபத்திரண்டு வயதில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, காக்கிச் சட்டையும் துப்பாக்கியுமாக லயத்துக்குள் நடந்து வந்த அன்று இவள் திருஷ்டி கழித்து உப்பைச் சுற்றிப் போட்டாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் ஒன்பதாம் நம்பர் ரப்பர் காட்டில் வெட்டிக்கொண்டிருக்கும்போது மூன்று பேர் வந்தார்கள். காட்டுக்குள்ளே இருப்பவர்கள். நாளைக்கு அரிசி கொண்டுவந்து இந்த மரத்தடியில் வை, இல்லையென்றால் முதல் குண்டு உன் தம்பிக்குத்தான் என்றார்கள். இவள் பயந்துபோனாள். யார்தான் பயப்பட மாட்டார்கள்? மறுநாள் பால் வாளியின் அடியில் மூன்று சின்ன டின் அரிசியைப் பரப்பி, மேலே கந்தல் துணியைப் போட்டு மூடி, கேட்டில் சோதனை போட்டவளுக்கு முன்னால் வாளியை ஆட்டிக்கொண்டே வெளியே போனாள். மரத்தடியில் வைத்தாள். தம்பி பிழைத்தான் என்று நினைத்தாள்.

நாலாம் நாள் சம்பள லாரிக்குக் காவலாகப் போன முனியாண்டியைச் சிம்பாங் அம்பாட் ரோட்டில் சுட்டுக் கொன்றார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் நேராகக் கிளீட்டஸிடம் வந்து, "டிரெசரய்யா, போலீஸ்ல எங்க போயி சொல்லணும்?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். என் அரிசியைத் தின்ற தெம்பில்தான் அவனைச் சுட்டார்கள் என்றாள். காட்டுக்கு அரிசி கொடுத்தால் ஆயுள் ஜெயில், தூக்குக்கும் போகலாம் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. கிளீட்டஸ் அவளைக் கட்டிலில் படுக்க வைத்துத் தூக்க மருந்து கொடுத்தார். போலீஸ் வந்து லயம் முழுவதையும் விசாரித்த மூன்று நாளும் அவளை எழுப்பவில்லை. பதிவேட்டில் மலேரியா என்று எழுதினார். அந்த நிமிடத்திலிருந்து அவரும் குற்றத்தில் பங்காளி.

அதன்பிறகு அவள் தொண்டையில் சோறு இறங்கவில்லை. வேண்டாமென்று அடம்பிடிக்கவில்லை, வாயில் வைப்பாள், மெல்லுவாள், விழுங்க முடியாமல் துப்பிவிடுவாள். கொஞ்சம் மரவள்ளிக்கிழங்கு, வரக்கோப்பி, அவ்வளவுதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளீட்டஸ் அவளைத் தராசில் நிறுத்தி எடையை எழுதி வைத்தார். டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது. யார் கேட்டாலும் சொல்லிவிடுவாள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

டாக்டர் எண்ணிப் பார்த்த மறுநாள், வெள்ளிக்கிழமை, தராசு முள் எழுபத்தெட்டு ராத்தலில் நின்றது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எடை.

"இருசம்மா, கொஞ்சம் கஞ்சித் தண்ணியாவது குடிக்கக் கூடாதா?"

"எறங்க மாட்டேங்குதுங்கய்யா." தராசிலிருந்து இறங்க அவளுக்கு அவர் கை தேவைப்பட்டது. "என்னெ எப்ப போலீஸ்ல கொண்டுபோயி வுடுவீங்க? அப்பறம் அப்பறம்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே."

"மொதல்ல ஒடம்பு தேறட்டும்."

"தேறாதுங்கய்யா. ஒங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். இன்னும் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். மானியம் வந்தால் பாலகிருஷ்ணன் இங்கேயே வருவார், இவளைப் பார்ப்பார். வராவிட்டால் இவள் செத்துப்போவாள். அந்த மத்தியானம் அவர் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்த தாளை எடுத்தார்.

பேர் எந்தத் தாளிலும் கிடையாது, நம்பர்தான். ஆனாலும் அவர் விடவில்லை. பெண்ணை ஆணாக்கினார். முப்பத்திரண்டை நாற்பத்தைந்தாக்கினார். பால் வெட்டு புல் வெட்டு ஆனது. தம்பி சாவு மனைவி சாவாக மாறியது. காட்டுக்கு அரிசி போனதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நோய்க்குறிகளை மட்டும் உள்ளபடியே இங்கிலீஷில் எழுதினார், எடைகளையும் வாரவாரியாக எழுதினார். நோயில் கைவைக்க அவருக்கு மனம் வராது. ஆள் பொய்யாக இருக்கலாம், நோய் உண்மையாக இருந்தால்தான் டாக்டருக்கு உதவும் என்பது அவர் நியாயம். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் டாக்டருக்குத் தாள்கட்டை அனுப்பிவிட வேண்டும் என்று ஓட்டமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, கண்ணில் படாமல் இருக்கட்டுமென்று கட்டின் நடுவில் செருகினார். திருப்பி ஒருமுறை படித்திருக்கலாம். படிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போலீஸ் ஆபீசில் இன்ஸ்பெக்டர் ஜார்ஜின் மேசை முன்னால் டாக்டரும் கிளீட்டஸும் உட்கார்ந்திருந்தார்கள். ஜார்ஜ் மலையாளத்துக் கிறிஸ்தவர், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளீட்டஸ் முழங்காலிடும் அதே கோயிலில் இரண்டு வரிசை முன்னால் முழங்காலிடுகிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அந்த வருடம் மட்டும் தன்னிடம் வேலை பார்த்தவர்கள் பதினோரு பேரைப் புதைத்திருந்தார்.

"மொதல்ல இதுல சைன் பண்ணுங்க டாக்டர்," என்று ஒரு தாளைத் தள்ளினார். "இந்த ஆராய்ச்சி நடக்கும்போது காட்டுக்கு அரிசி போறது, மருந்து போறது, ஆளுங்க போறது வர்றது எது காதுல விழுந்தாலும் இருபத்துநாலு மணி நேரத்துல எங்களுக்குத் தெரிவிக்கணும். இல்லன்னா நீங்களும் உள்ள போவீங்க. ரூல்லா, நான் என்ன செய்ய."

டாக்டர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கையெழுத்துப் போட்டார். இப்படி ஒரு காகிதம் இருக்குமென்று கிளீட்டஸ் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் வந்து இருசம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவள் கொட்டிவிடுவாள், டாக்டர் ஒரு நாளுக்குள் இங்கே வந்து நிற்க வேண்டும். காப்பாற்ற நினைத்த வழியிலேயே கண்ணி வைத்திருந்தார்கள். எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. எங்கே ஓடுவது?

ஜார்ஜ் தாள்களைப் படிக்க ஆரம்பித்தார். சும்மா புரட்டிவிட்டு முத்திரை குத்துவார் என்றுதான் டாக்டர் நினைத்திருந்தார். அவரோ ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. மேலே மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு லாரி வந்து நின்று, பூட்ஸ் சத்தங்கள் இறங்கின. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது, பத்து. இடையில் தலையைத் தூக்கி, "பாவம்லா நம்ப ஆளுங்க," என்றார் ஜார்ஜ். மனதாரத்தான் சொன்னார். பதினொன்று.

பதின்மூன்றாவது தாளில் அவர் கை நின்றது.

"சோறு சாப்புடறது இல்ல," என்று வாய்க்குள் படித்தார். "மார்ச் மாசத்துலேர்ந்து." பின்னால் சாய்ந்தார். "சோறுன்னா எனக்கு இப்பல்லாம் தனி அக்கறை. யாரு இந்த ஆளு?"

"பொண்டாட்டி செத்துட்டா, இன்ஸ்பெக்டர். அந்தத் துக்கம்," என்றார் கிளீட்டஸ். காது சுடத் தொடங்கியிருந்தது.

"மார்ச்சுலதான ஒங்க ரோட்டுல லாரிய அடிச்சானுங்க?"

"ஆமா."

"ம்." ஜார்ஜ் தொடர்ந்து படித்தார். விரல் வரியோடு நகர்ந்து, நின்று, பின்னால் போய், மறுபடி நின்றது. "ஆண். நாப்பத்தஞ்சு வயசு." சத்தமாகவே படித்தார். "தூக்கம் இல்லை. முடி கொட்டுகிறது. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை."

ஜார்ஜ் அந்தத் தாளைத் திருப்பி அவர்கள் முன்னால் வைத்தார்.

கிளீட்டஸுக்கு அந்த வரியை எழுதிய நிமிடம் கண் முன்னால் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிய பேனா. பட்டினியில் பெண்களுக்கு வரும் குறி அது, வைத்தியன் எவனும் விடமாட்டான், அவரும் விடவில்லை. முள்கம்பி போட்ட நாளிலிருந்து பிசகாமல் பொய் எழுதியவர், ஒரே ஒரு வரியில் உண்மையை எழுதி மாட்டிக்கொண்டார்.

"டாக்டர், மெட்ராஸ்ல இப்பிடியும் படிச்சுக் குடுக்கறாங்களா?" ஜார்ஜ் சிரிக்கவில்லை. "இது பொம்பள. ஒரு பொம்பளைய ஆம்பளையா மாத்தி எழுதியிருக்கீங்க. மார்ச் மாசத்துலேர்ந்து சோத்தப் பாத்தா தொண்ட அடைக்கிற பொம்பள. எதுக்கு மறைக்கணும்? யாரு கிளீட்டஸ் அவ?"

டாக்டர் திகைத்துப்போய்க் கிளீட்டஸைப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது கேள்விதான், குற்றச்சாட்டு இல்லை, இன்னும் இல்லை.

ஜார்ஜ் மேசை மணியைத் தன் பக்கம் இழுத்தார். "பேரச் சொல்லுங்க. இல்லன்னா நானே ஜீப் எடுத்துக்கிட்டு வந்து ஒவ்வொரு வீடா சோறு போட்டுப் பாத்துக்கறேன். யாரு துப்பறான்னு தெரிஞ்சுபோகும்."

அவர் செய்வார். செய்தால் முதல் வீட்டுக்குப் போகும் முன்பே இருசம்மாள் தானாக வந்து கையை நீட்டுவாள். கிளீட்டஸுக்கு அது நன்றாகத் தெரிந்தது. மற்ற இருபத்துநாலு பேரும் நினைவுக்கு வந்தார்கள். மங்களம் வந்தாள், பெரட்டில் நிற்க முடியாதவன் வந்தான். டாக்டர் பாதிச் சம்பளத்தைச் செலவழித்து டைப் அடித்த பதினொரு பக்கமும் வந்தது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துப் பார்த்தார். இன்னொரு பக்கம் அவள் எழுபத்தெட்டு ராத்தல்தான் இருந்தாள்.

"அப்பிடி யாரும் இல்லங்க," என்றார்.

"என்னா?"

"ஆளே இல்ல. இருபத்தஞ்சு பேரு வேணும்னு கேட்டிருந்தாங்க. எங்கிட்ட இருபத்துநாலுதான் இருந்துச்சு. நானே கட்டிவுட்டேன். பொஸ்தகத்துல பட்டினிக்கு என்னென்ன குறி போட்டிருக்கோ அத அப்பிடியே பாத்து எழுதுனேன். அதுல பொம்பளைக்கின்னு போட்டிருந்தது கண்ணுல படல. டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது."

காது நெருப்பாக எரிந்தது. நாக்கு இரண்டு இடத்தில் குழறியது. நல்லவேளை, பிடிபட்ட திருடனுக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஜார்ஜ், சாட்சி சொல்ல வருகிறவர்களுக்காக அலமாரியில் வைத்திருந்த பைபிளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "கோயில்ல ஒங்களப் பாக்கறவன் நான். இதுல கைய வச்சு, இந்தத் தாள்ல இருக்கறது பொய்யின்னு சொல்லுங்க. போதும்."

கிளீட்டஸ் கையை வைத்தார். சின்ன வயதிலிருந்து ஒருநாள்கூட ஜெபம் தவறாதவர். பொய் சொன்னேன் என்று பொய்ச் சத்தியம் செய்ய வேண்டிய நிலை எந்தப் பாவக் கணக்கில் சேரும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இதுல இருக்கறது பொய்யி. நான்தான் எழுதுனேன்."

ஜார்ஜ் மூச்சை விட்டார். முகத்தில் அருவருப்பும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. "தூ, ஒரு காகிதத்துக்காக இவ்வளவு கேவலமா," என்றார். டாக்டர் கையெழுத்திட்ட உறுதிமொழியை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "ஒண்ண கட்டுனவன் இருபத்தஞ்சயும் கட்ட மாட்டான்னு என்ன நிச்சயம்? நான் கையெழுத்துப் போட மாட்டேன் டாக்டர். ஒங்க பெரிய டாக்டருக்கும் தோட்டத்துத் துரைக்கும் எழுத வேண்டியதா இருக்கு. போங்க."

வெளியே, வெயிலில், டாக்டர் காரின் கதவைப் பிடித்தபடி நின்றார். அடிப்பார் என்று கிளீட்டஸ் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. டாக்டர் தாள்கட்டைப் பின் இருக்கையில் வீசிவிட்டு, "எனக்காக ஒண்ணக் கட்டிவுடச் சொல்லி நான் கேட்டேனா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. கார் போய்விட்டது. கிளீட்டஸ் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றார். ஏர்மெயில் பை கட்டும் நேரம் அவர் நின்றுகொண்டிருக்கும்போதே கடந்துபோனது.

செவ்வாய்க்கிழமை துரையின் கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு வேலை முடிந்தது, வீட்டைக் காலிசெய்ய வேண்டும். காரணம், நோயாளிகள் விவரத்தில் மோசடி. கிளீட்டஸ் அதை இரண்டுமுறை படித்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட, இனி அவளை யார் தராசில் நிறுத்துவார்கள் என்ற பயம் பெரிதாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை முள் எழுபத்தாறில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கேட்டில் ஒரு கார் வந்து நின்றது. காவல்காரர்கள் கார் இருக்கையைத் தூக்கிப் பார்த்து உள்ளே விட்டார்கள். டாக்டர் பாலகிருஷ்ணன் இறங்கி நேராக மருந்தறைக்கு வந்தார். வணக்கம்கூட இல்லை.

"அவங்க எங்க?"

"யாரு டாக்டர்?"

"தொண்ணூத்தேழு ராத்தல்." பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் போட்டார். "நூத்துநாலு, நூத்தியொண்ணு, தொண்ணூத்தேழு, மறுபடியும் தொண்ணூத்தேழு, தொண்ணூத்திரண்டு. கட்டிவுடறவன் ரெண்டு வாரம் ஒரே எடைய எழுத மாட்டான் மிஸ்டர் கிளீட்டஸ். அழகா கொறைச்சுக்கிட்டே வருவான். எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆச்சு. கோவம் கண்ண மறைச்சிருச்சு." குரல் இன்னும் கடுமையாகத்தான் இருந்தது. "இருபத்துநாலு பேருக்கு டாக்டர் இல்லாம பண்ணிட்டீங்க. அது தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"ஆமா டாக்டர்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, வாங்க. பாக்கலாம்."

இருசம்மாள் ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பூட்ஸும் கால்சட்டையும் கையில் தோல்பையுமாக ஒருவர் வருவதைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஐந்து மாதமாக எதிர்பார்த்த ஆள் கடைசியில் வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

"வந்துட்டீங்களா தொரை. நான்தாங்க. நான்தான் குடுத்தேன்."

"இருசம்மா, சும்மா இரு," என்று கிளீட்டஸ் பதறினார். "இவளுக்குக் காய்ச்சல் டாக்டர், ஏதேதோ பேசுவா..."

டாக்டர் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். இருசம்மாள் நிற்காமல் சொன்னாள். ஒன்பதாம் நம்பர் காடு, மூன்று பேர், தம்பியைச் சுடுவோம் என்றது, வாளி, கந்தல், மரத்தடி. மூன்று டின், தலைதட்டி அளந்த மூன்று டின். அவனுக்கென்று வைத்திருந்த பங்கு அரிசி அது. "அவன் சோத்தையே குடுத்து அவனக் கொன்னுட்டேனுங்க," என்றாள். அழவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தாள். முடித்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்து முன்னால் நீட்டினாள்.

கிளீட்டஸ் கண்ணை மூடிக்கொண்டார். போன சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்து, முத்திரை விழுந்து, மானியம் வந்திருந்தால், இதே வார்த்தைகளைக் கேட்ட டாக்டர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஜார்ஜிடம் போய் நின்றிருக்க வேண்டும். இப்போது அந்த உறுதிமொழி இல்லை. இந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தப் பெட்ரோலில் வந்த வெறும் டாக்டர். யாரிடமும் சொல்லத்தான் வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் அவர் கையெழுத்து இல்லை. சொல்லாமல் இருப்பாரா என்பதுதான் கேள்வி.

டாக்டர் நீட்டியிருந்த கைகளைப் பார்த்தார். வெறும் எலும்பு. ஒரு கையை மெதுவாகப் பிடித்து, மணிக்கட்டில் விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணினார். ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினார்.

"நான் போலீஸ் இல்லம்மா. டாக்டர்."

அவளுக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் கையைப் படக்கென்று இழுத்துக்கொண்டாள். கிளீட்டஸ் அவளுக்குக் கோபம் வந்து பார்த்ததே இல்லை. அன்று பார்த்தார்.

"போலீஸ் இல்லியா? டிரெசரய்யா அனுப்ப மாட்டேங்கறாரு, வந்தவரும் போலீஸ் இல்லங்கறாரு. அப்ப என்னெ யாருதாங்க தண்டிப்பா?" குரல் உடைந்தது. "நான் வளத்த புள்ளைங்க அவன். யாராச்சும் கேக்க வேணாமா என்னெ?"

அப்படியே கட்டிலில் சாய்ந்து அழுதாள். ஐந்து மாதத்தில் முதல்முறை. அந்த உடம்பில் அவ்வளவு அழுகைக்கு இடம் எங்கே இருந்தது என்று கிளீட்டஸுக்குத் தெரியவில்லை. அவரும் அழுதார், மறைக்கவில்லை. டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

அழுகை அடங்கிய பிறகு, "அந்தப் பதில் எனக்குத் தெரியலம்மா," என்றார். "அத நான் சொல்ல முடியாது. நான் அடுத்த ஞாயித்துக்கெழம வருவேன். அதுக்கு அடுத்ததும் வருவேன். ஒங்க தம்பி சின்னதுல எப்பிடி இருந்தான்னு மொதல்லேர்ந்து நீங்க எங்கிட்ட சொல்லணும். அதுக்கு நீங்க உயிரோட இருக்கணும். கஞ்சித் தண்ணியாவது எறக்கப் பாருங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

இருசம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறுக்கு எத்தன நாளுங்க?"

"ஏழு."

விரலை மடக்கி அவள் தனக்குள் எண்ணிப் பார்த்தாள். "ஏழு நாளா," என்றாள். "பாக்கறேங்க."